எழாத சர்வரும் அழியாத தாள்களும்

(ஈப்போவில் தோட்டக் குடும்பங்களுக்காக நடந்த கணினிப் பட்டறையில் ஒரு வழக்கறிஞர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சட்டம் படித்தவனுக்குக் கணினி மேடையில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், சுங்காய், சிலிம் ரிவர் என்று பேராவின் எந்தப் பக்கம் போனாலும் கதை ஒன்றுதான். தோட்டம் விற்கப்பட்டது, லயம் உடைக்கப்பட்டது, குடும்பங்கள் தாமான்களுக்கும் பட்டணத்துக்கும் போய்விட்டன. கையில் மிஞ்சியது தாள்கள் மட்டும்தான். சூராட் பெரானாக், பழைய ஐசி, சம்பளச் சீட்டு, இபிஎப் கணக்கு, சொக்சோ கடிதம். அந்தத் தாள்களைத்தான் நம் பிள்ளைகள் ஸ்கேன் செய்து ஒரு சர்வரில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இவை ஏன் முக்கியம்? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு, தொழிலாளர் பதிவேட்டை முதலாளி ஆறு ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதற்கு மேல் வைத்திருக்கச் சொல்லவில்லை. ஏழாவது ஆண்டில் நீங்கள் போய்க் கேட்டால் "ரெக்கார்ட் இல்லை" என்று சொல்லிவிடலாம். அப்போது உங்கள் கையில் இருக்கிற நகல்தான் சாட்சி. இன்னொன்றும் கேளுங்கள். காரணம் இல்லாமல் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர், 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி 60 நாட்களுக்குள் மனு கொடுக்க வேண்டும். சர்வர் பத்து நாள் தூங்கினால் அந்த அறுபதில் பத்து போய்விட்டது!

ஆகவே சர்வர் எழவில்லை என்றால் அது கணினிக்காரர் தலைவலி மட்டும் அல்ல. அது நம் வழக்கு, நம் பிள்ளையின் குடியுரிமை மனு, நம் அப்பாவின் சேமநிதி.

முதல் பாடம்: பார்மட் வேண்டாம்

சர்வர் என்றதும் பயப்படாதீர்கள். நம்மிடம் இருப்பது ஒரு பழைய மேசைக் கணினி. அதில் லினக்ஸ் ஓடுகிறது. லினக்ஸுக்கு உரிமக் கட்டணம் இல்லை. பழைய இயந்திரத்திலும் ஓடும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்ட பிறகு, பழைய கணினி வைத்திருக்கிற பல குடும்பங்களும் இந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. நல்லதுதான். ஆனால் அது ஒருநாள் எழாமல் நின்றால் என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பல இடங்களில் வருகிற முதல் பதில், "பார்மட் பண்ணிடலாம்" என்பதுதான். பார்மட் என்றால் வீட்டைக் காலி செய்துவிட்டுப் புதிதாகக் குடி வைப்பது. கணினி எழுந்துவிடும், உண்மை. உள்ளே இருந்த தாள்கள்? பெரும்பாலும் போனது போனதுதான்.

கணினி எழாமல் நிற்பது வேறு, ஆவணம் அழிவது வேறு. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒரு செய்தியைத்தான். மீதி எல்லாம் அதற்கு விளக்கம்.

பிரட்டுக் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

நம் பெரியவர்களுக்குப் பிரட்டு தெரியும். விடியற்காலையில் காவல்காரர் தண்டவாளத் துண்டைத் தட்டுவார். கிராணி செக்ரோல் புத்தகத்தோடு வந்து பெயர் கூப்பிடுவார். யாருக்கு எந்த நிரை என்று முடிவாகும். பிறகு மண்டோர் ஆட்களை அழைத்துக்கொண்டு நிரையில் இறங்குவார். அப்புறம்தான் பால் வெட்டு.

கணினியும் தினமும் இப்படித்தான் விழிக்கிறது. சுவிட்சைப் போட்டதும் முதலில் எழுவது பயாஸ். புதிய இயந்திரங்களில் அதன் இடத்தில் யுஇஎஃப்ஐ இருக்கும். அதுதான் தண்டவாளம் தட்டுகிற காவல்காரர். அவர் கிராணியைத் தேடிப் போவார். அந்தக் கிராணிக்குப் பெயர் பூட் லோடர். நம் லினக்ஸ் சர்வரில் அது கிரப். 1995-இல் எரிக் போலின் என்பவர் எழுதத் தொடங்கியது அது. இன்று பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களை எழுப்புவது அதன் இரண்டாம் தலைமுறைதான். கிரப் தன் புத்தகத்தைத் திறந்து, எந்த வன்தட்டில் எந்தக் கெர்னல் இருக்கிறது என்று பார்த்து அதை எழுப்பும். கெர்னல்தான் மண்டோர். அது வந்தபின்தான் வேலை நடக்கும்.

ஒருநாள் கிராணி வரவில்லை. பிரட்டு நடக்கவில்லை. அதற்காக மரம் பட்டுப் போய்விட்டதா? பால் வற்றிவிட்டதா? கிராணி வராததற்காகத் தோட்டத்தையே வெட்டி எரிப்பவன் உண்டா? பார்மட் என்பது அதைத்தான் செய்கிறது.

பழைய முறையில் கிரப்பின் முதல் துண்டு வன்தட்டின் தொடக்கத்தில் உள்ள 512 பைட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். சூராட் பெரானாக் ஒன்றை ஸ்கேன் செய்தால் அதைவிடப் பல நூறு மடங்கு இடம் பிடிக்கும். அவ்வளவு சிறிய இடத்தில் வந்த கோளாறுக்காக முழு வன்தட்டையும் துடைக்க வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள்.

திரை என்ன சொல்கிறது?

பழுது பார்ப்பதற்கு முன், எங்கே நின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும். திரையைக் கைபேசியில் படம் எடுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, படம் இருந்தால் போதும். ஐந்து விதமாக நிற்கும்.

ஒன்று: "பூட்டபிள் டிவைஸ் இல்லை" என்று வரும். காவல்காரருக்குக் கிராணியே கிடைக்கவில்லை. வன்தட்டின் கேபிள் கழன்றிருக்கலாம், வரிசை மாறியிருக்கலாம், வன்தட்டே பழுதாகியிருக்கலாம்.

இரண்டு: "கிரப் ரெஸ்கியூ" என்று வரும். கிராணி வந்துவிட்டார், ஆனால் ஆபீஸ் எங்கே என்று தெரியவில்லை. வன்தட்டின் பிரிவு மாறியிருக்கிறது, அல்லது வேறு வன்தட்டிலிருந்து வந்த கிராணி தவறான தோட்டத்தில் நிற்கிறார்.

மூன்று: வெறும் "கிரப்" என்று மட்டும் வந்து காத்திருக்கும். ஆபீசுக்கு வந்துவிட்டார், செக்ரோல் புத்தகத்தைக் காணவில்லை. அதாவது அமைப்புக் கோப்பு இல்லை அல்லது படிக்க முடியவில்லை.

நான்கு: "கெர்னல் பேனிக்" என்று வந்து, ரூட் கோப்பு முறையை ஏற்ற முடியவில்லை என்று எழுதும். கிராணி தன் வேலையை முடித்துவிட்டார். மண்டோர்தான் தோட்டத்துக்குள் போக முடியாமல் வாசலில் நிற்கிறார். பல நேரம், பாதியில் நின்ற அப்டேட்தான் காரணம். பழைய கெர்னல்கள் சேர்ந்து பூட் பகுதி நிரம்பிப் போனால் அப்படி நடக்கும்.

ஐந்து: "எமர்ஜென்சி மோட்" என்று வரும். இதில் கிரப் மேல் குற்றமே இல்லை. யாரோ கழற்றிக்கொண்டு போன ஒரு வன்தட்டை சர்வர் இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். வெளி வன்தட்டுகளுக்கு எஃப்எஸ்டேப் கோப்பில் "நோஃபெயில்" என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால், அது இல்லாவிட்டாலும் சர்வர் எழும்.

இந்த ஐந்தில் எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

நம் மையத்தில் நடந்தது

நம் மையத்திலேயே ஒருமுறை நடந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் இடி மின்னலுக்குக் குறைவில்லை. ஒரு மாலை மின்சாரம் போனது. மறுநாள் சர்வர் எழவில்லை. திரையில் "கிரப் ரெஸ்கியூ". ஒரு கடையில் பார்த்துவிட்டு, வன்தட்டு போய்விட்டது, பார்மட் செய்யலாம் என்றார்கள். நம் தம்பி ஒருவர் ஒத்துக்கொள்ளாமல் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

வந்து பயாஸ் பக்கத்தைத் திறந்தார். முதலில் கண்ணில் பட்டது தேதி. பல வருடம் பின்னால் போயிருந்தது. அங்கேதான் துப்புக் கிடைத்தது. மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032 என்று பெயர். அது தீர்ந்துபோனால், மின்சாரம் நின்றதும் பயாஸ் தேதியையும் மறக்கும், எந்த வன்தட்டை முதலில் பார்க்க வேண்டும் என்ற வரிசையையும் மறக்கும். நம் இயந்திரத்தில் இரண்டாவதாக ஒரு பழைய வன்தட்டு இருந்தது. முன்பு வேறு கணினியில் இருந்தது. அதன் தலையில் பழைய கிரப்பின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. வரிசை மாறியதும் காவல்காரர் போய் அந்தப் பழைய கிராணியை அழைத்துவிட்டார். அவர் தன் பழைய ஆபீசைத் தேடிக்கொண்டு நின்றார்!

பேட்டரி மாற்றி, தேதியைத் திருத்தி, வரிசையைச் சரிசெய்ததும் சர்வர் எழுந்தது. ஒரு தாளும் போகவில்லை.

பிள்ளைகளுக்கு: செய்ய வேண்டிய முறை

இனி நான் சொல்வது இங்கே உட்கார்ந்திருக்கிற இளைஞர்களுக்கு. கட்டளைகளை வாயால் தமிழில் சொல்கிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். வன்தட்டு டிக் டிக் என்று அடித்தால் உடனே நிறுத்துங்கள். அது பூட் லோடர் கோளாறு அல்ல, உடல் கோளாறு. அந்த நிலையில் மீண்டும் மீண்டும் சுவிட்சைப் போடுவது நோயாளியை ஓடவிடுவது மாதிரி.

சத்தம் இல்லையென்றால், லினக்ஸ் லைவ் பெண்டிரைவ் ஒன்றைச் செருகி அதிலிருந்து கணினியை எழுப்புங்கள். சர்வரின் வன்தட்டைப் படிக்க மட்டும் அனுமதித்து மவுண்ட் செய்யுங்கள். கோப்புகள் தெரிகின்றனவா? தெரிந்தால் முதல் வேலை பழுது பார்ப்பது அல்ல. எல்லாவற்றையும் வேறொரு வன்தட்டுக்கு நகல் எடுப்பதுதான். நகல் கைக்கு வந்த பிறகு தைரியமாகக் கை வைக்கலாம்.

கிரப் ரெஸ்கியூவில் நின்றால் "எல்எஸ்" என்று தட்டுங்கள். வன்தட்டுகளும் பிரிவுகளும் பட்டியலாக வரும். ஒவ்வொரு பிரிவாக எல்எஸ் போட்டுப் பார்த்து, பூட் என்ற அடைவும் அதற்குள் கிரப்பும் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடியுங்கள். அந்த இடத்தை "செட் ரூட்", "செட் பிரீஃபிக்ஸ்" என்ற இரண்டு கட்டளைகளால் சொல்லிக் கொடுங்கள். பிறகு "இன்ஸ்மாட் நார்மல்", அடுத்து "நார்மல்". வழக்கமான பட்டியல் வந்துவிடும். இது அன்றைக்கு மட்டும் வழி காட்டுவது. நிரந்தரமாகச் சரிசெய்ய, சர்வர் எழுந்ததும் "கிரப் இன்ஸ்டால்" கட்டளையை ஓட்டி, அடுத்து "அப்டேட் கிரப்" ஓட்ட வேண்டும். பழைய பயாஸ் முறையில் கிரப் இன்ஸ்டாலுக்கு முழு வன்தட்டின் பெயரைக் கொடுக்க வேண்டும், பிரிவின் எண்ணைச் சேர்க்கக் கூடாது.

அப்படியும் எழவில்லை என்றால், லைவ் பெண்டிரைவிலிருந்து சர்வரின் ரூட் பிரிவை மவுண்ட் செய்து, டெவ், புரோக், சிஸ் மூன்றையும் இணைத்து, "சிஎச்ரூட்" மூலம் உள்ளே நுழைந்து அதே இரண்டு கட்டளைகளை ஓட்டுங்கள். பூட் தனிப் பிரிவாக இருந்தால் அதையும் ஏற்ற மறக்காதீர்கள். யுஇஎஃப்ஐ இயந்திரம் என்றால் இஎஃப்ஐ பிரிவையும் ஏற்ற வேண்டும், பெண்டிரைவும் அதே யுஇஎஃப்ஐ முறையில் எழுந்திருக்க வேண்டும்.

நான்காவது வகை, கெர்னல் பேனிக் என்றால், கிரப் பட்டியலில் "அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்" போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். பல நேரம் அதிலேயே எழுந்துவிடும். பிறகு தேவையில்லாத பழைய கெர்னல்களை நீக்கி இடம் விட்டு, அப்டேட்டை முழுமையாக முடியுங்கள். ஏதாவது மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால் பட்டியலில் "இ" எழுத்தை அழுத்தித் திருத்தலாம். அது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், எங்கும் பதியாது. கிரப் சிஎஃப்ஜி கோப்பில் நேரடியாகக் கை வைக்காதீர்கள். அது தானாக எழுதப்படுகிற புத்தகம், அடுத்த அப்டேட்டில் உங்கள் திருத்தம் அழிந்துவிடும். எட்சி அடைவில் உள்ள டீஃபால்ட் கிரப் கோப்பைத் திருத்தி, அப்டேட் கிரப் ஓட்டுங்கள். ரெட் ஹாட் வகை லினக்ஸில் இதற்குக் "கிரப்2 எம்கேகன்ஃபிக்" என்று பெயர்.

வன்தட்டுக்கும் ஐசி எண் உண்டு

எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் வன்தட்டுகளுக்குப் பெயர் வைக்கிறது. அது வரிசையை வைத்து வருகிற பெயர். இன்னொரு வன்தட்டைச் செருகினால் எஸ்டிஏ நாளை எஸ்டிபி ஆகலாம். பிரட்டில் "மூன்றாவதாக நிற்பவர்" என்று கூப்பிட்டால் யார் வருவார்? அன்றைக்கு யார் மூன்றாவதாக நிற்கிறாரோ அவர்தான்.

அதனால்தான் ஒவ்வொரு பிரிவுக்கும் யுயுஐடி என்று நீளமான எண் ஒன்று இருக்கிறது. அது ஐசி எண் மாதிரி. எந்தத் துளையில் செருகினாலும் மாறாது. கிரப் அமைப்பிலும் எஃப்எஸ்டேப் கோப்பிலும் யுயுஐடியைத்தான் எழுத வேண்டும். "பிஎல்கேஐடி" என்று தட்டினால் எண்கள் தெரியும். அதை ஒரு தாளில் எழுதி சர்வர் பெட்டியின் உட்புறம் ஒட்டி வையுங்கள். எண் இல்லாத மனிதனை ஆபீஸ் எப்படி அலைக்கழிக்கும் என்று சிவப்பு அட்டையோடு அலைந்த குடும்பங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கும் நடக்கிறது

இது ஏழைகளின் பழைய கணினிக்கு மட்டும் வருகிற வியாதி என்று நினைக்காதீர்கள். 2020 ஜூலை 29-இல் கிரப்பில் "பூட்ஹோல்" என்ற பாதுகாப்பு ஓட்டை இருப்பதை எக்லிப்சியம் என்ற நிறுவனம் வெளியிட்டது. ரெட் ஹாட் உடனே திருத்தம் அனுப்பியது. அந்தத் திருத்தத்தைப் போட்ட ரெட் ஹாட், சென்ட்ஓஎஸ் சர்வர்கள் பல, மறுதொடக்கத்தில் எழவே இல்லை! கிரப்புக்கு முன்னால் ஓடுகிற ஷிம் என்ற சிறு நிரலில்தான் கோளாறு. நிர்வாகிகள் ரெஸ்கியூ முறையில் உள்ளே போய்ப் பழைய பதிப்பைத் திரும்பப் போட்டு எழுப்பினார்கள். அதற்காக யாரும் வன்தட்டைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் அப்டேட் ஒன்று, விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருந்த பல கணினிகளில் லினக்ஸை எழவிடாமல் செய்தது. 2025 மே மாதம்தான் மைக்ரோசாஃப்ட் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. அந்த இடைவெளியில் பிள்ளைகளின் பாடம் போய்விட்டது என்று நினைத்துப் பார்மட் செய்தவர்கள் இருந்தால், அவர்கள் இழந்தது வீண் இழப்பு. பாடம் உள்ளேதான் இருந்தது, வாசல் மட்டும்தான் பூட்டியிருந்தது.

சட்டம் கேட்கிற கேள்வி

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 90ஏ என்று ஒரு பிரிவு உண்டு. கணினி தன் வழக்கமான உபயோகத்தில் தயாரித்த ஆவணத்தைக் கோர்ட்டு ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது அது. அந்தக் கணினியின் நிர்வாகத்துக்குப் பொறுப்பானவர் சான்றிதழில் கையெழுத்திடலாம். அப்படிச் சான்று கொடுத்தால், அந்தக் காலத்தில் கணினி ஒழுங்காக வேலை செய்தது என்று கோர்ட்டு அனுமானிக்கும்.

ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சும்மா இருப்பாரா? "உங்கள் கணினி பழுதானதாமே, யார் திறந்தது, என்ன செய்தார்கள்?" என்று கேட்பார். தேதி பின்னால் போன கணினியில் சேமித்த கோப்பு தவறான தேதியைக் காட்டினால் அதையும் பிடித்துக்கொள்வார். ஆகவே சர்வர் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். எந்த நாள் நின்றது, திரையில் என்ன வந்தது, யார் கை வைத்தார், எந்தக் கட்டளை, எப்போது எழுந்தது, தேதி சரியா என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பத்து வரி போதும். கோர்ட்டில் அந்தப் பத்து வரிக்கு மதிப்பு உண்டு.

இன்னொன்று. ஸ்கேன் இருக்கிறது என்று அசல் தாளைக் குப்பையில் போடாதீர்கள். அசலுக்குச் சமம் அசல்தான்.

வீட்டில் நினைவில் வைக்க வேண்டியவை

கட்டளை எதுவும் தெரியாத அம்மா ஒருவர் கணினியைக் கடைக்குக் கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நான்கு விஷயம் கேட்டால் போதும். "தம்பி, எந்த இடத்தில் நின்றது? வன்தட்டு உயிரோடு இருக்கிறதா? முதலில் என் கோப்புகளை நகல் எடுத்துத் தருவாயா? பார்மட் செய்வதற்கு முன் என்னைக் கேட்பாயா?" பதில் சரியாக வரவில்லை என்றால் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அது உங்கள் பொருள்.

மையத்துப் பிள்ளைகளுக்கு: நகல் இரண்டு இடத்தில் இருக்கட்டும், ஒன்று வேறு கூரையின் கீழ். லைவ் பெண்டிரைவ் ஒன்று எப்போதும் மேசை அறையில் தயாராக இருக்கட்டும். இடி இடித்தால் பிளக்கைக் கழற்றுங்கள். அப்டேட் போட்ட அன்றே, ஆட்கள் இருக்கும்போதே, ஒருமுறை மறுதொடக்கம் செய்து பாருங்கள். மனு கொடுக்க வேண்டிய கடைசி நாளில் அதைச் சோதிக்காதீர்கள்.

1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளிலிருந்து தொடங்கி, நம் முன்னோர் இந்த மாநிலத்தில் உழைத்த உழைப்புக்கு மிஞ்சியிருக்கிற சாட்சிகளில் இந்தத் தாள்களும் உண்டு. செக்ரோல் புத்தகம் அன்று கிராணி கையில் இருந்தது. இன்று நம்முடையதை நாமே எழுதி வைத்திருக்கிறோம். ஒரு கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்து அதை நாமே அழித்துவிடக் கூடாது.

அடுத்து, தம்பிகள் ஒரு பழைய கணினியில் கிரப்பை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருக்கிறார்கள். குடும்பத்துக்கு ஒருவர் வந்து அதை எழுப்பிப் பாருங்கள்.